காத்தாடி என்று பொறித்த டிஸ்க்

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் அந்த அம்மா இறங்கவில்லை. இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து, ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் கம்பியருகே நின்றார். இடது கையால்தான் கம்பியைப் பிடித்தார். வலது கை மார்போடு மடங்கி ஒரு பட்டைக்குள் கிடந்தது.

"நீதானேம்மா காத்தாடி?"

பேருந்து ஓட்டுகிறவளிடம் பேர் கேட்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. அதிலும் இந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால், ஆள் டிஸ்க் கால்ஃப் விளையாடுகிறவராகத்தான் இருக்க வேண்டும். பூங்கா முழுக்கத் தூரத்துக்கு ஒன்றாக இரும்புக் கூடைகள் நட்டிருப்பார்கள். கூடைக்கு மேல் சங்கிலிகள் தொங்கும். வட்டமான பிளாஸ்டிக் டிஸ்கை எறிந்து எறிந்து, குறைந்த எறிகளில் சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழவைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். அந்த ஊரில் பெண்கள் பிரிவில் இவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தொடர்ந்து கோப்பை வாங்கி வாங்கி, வீட்டில் வைக்க இடமில்லாமல் ஒன்றில் சமையலறைக் கரண்டிகளைப் போட்டு வைத்திருந்தாள்.

"ஆமாம்மா, நான்தான்" என்று சிரித்தபடி திரும்பினாள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. தோளில் தொங்கிய துணிப்பையிலிருந்து ஒரு டிஸ்கை எடுத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த மேடையில் வைத்தார். ஆரஞ்சு நிறம். நடுவில் பளபளக்கும் எழுத்தில் 'காத்தாடி' என்று பொறித்திருந்தது. விளிம்பைப் பார்த்ததும் காத்தாடியின் சிரிப்பு நின்றுவிட்டது. எலி கொறித்த ரொட்டி மாதிரி சுற்றிலும் பிய்ந்திருந்தது. ஓர் இடத்தில் நகக்கண் அளவுக்குச் சில்லே பெயர்ந்து போயிருந்தது.

"எத்தனை வருஷமா வெச்சிருக்கீங்க?"

"வருஷமா? பள்ளிக்கூடம் லீவு விட்டப்பதான் வாங்கினேன். இன்னும் பள்ளிக்கூடம் தொறக்கல."

அவர் தையல்காரர். கால்சட்டை மடிப்பு, ஜிப் மாற்றுவது, ரவிக்கை பிரிப்பது என்று நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிற வேலை. நடந்தால் நல்லது என்று டாக்டர் சொல்ல, வெறுமனே நடக்கச் சலிப்பாக இருந்ததால் பூங்காவில் இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கடையில் எத்தனையோ டிஸ்க் இருந்தும், 'காத்தாடி' என்ற பேரைப் பார்த்து இதைத்தான் கேட்டு வாங்கினார்.

"மொதல்ல நல்லாத்தாம்மா போச்சு. ஒரு வாரம் நேரா போச்சு. அப்புறம் வலது பக்கமா இழுத்துக்கிட்டுப் போய்ப் புதருல விழ ஆரம்பிச்சுது. எனக்குக் கைதான் சரியில்லைன்னு நெனச்சேன். வயசாச்சுல்ல? இன்னும் வேகமா எறிஞ்சேன். தோளைத் திருப்பித் திருப்பி எறிஞ்சேன். அது வலது பக்கமே போகுது. நானும் விடல." பட்டைக்குள் இருந்த கையைப் பார்த்துக்கொண்டார். "தோள்ல நரம்பு பிடிச்சுக்கிச்சு. கத்திரிக்கோல் தூக்க முடியல. கடை பூட்டிக் கெடக்கு. அப்பதான் பக்கத்து வீட்டுப் பையன் இந்த ஓரத்தைப் பாத்துட்டு, 'பாட்டி, இது டிஸ்கா இல்ல சோப்பா'ன்னு கேட்டான்."

காத்தாடி டிஸ்கைக் கையில் எடுத்தாள். பெருவிரலால் விளிம்பை அழுத்தினாள். மெழுகுவத்தியை அழுத்துவதுபோல் இருந்தது. நகத்தால் கீறினாள், கீறிய இடத்தில் வெள்ளையாகத் தூள் எழும்பியது.

"இது என் டிஸ்க் இல்லம்மா" என்றாள்.

"உன் பேரு போட்டிருக்கே?"

"இதை ஒரு நாள் என்கிட்ட விட்டுட்டுப் போங்கம்மா" என்றாள் அவள்.

பேர் அவளுடையதுதான். டிஸ்கைச் செய்தது அத்தானின் தொழிற்சாலை. அக்காவின் கணவர் முன்பு வாளியும் டப்பா மூடியும் வார்த்துக்கொண்டிருந்தவர். ஊரில் டிஸ்க் கால்ஃப் சூடு பிடித்ததும் அச்சு செய்து இறங்கிவிட்டார். "நம்ம வீட்டுலயே சாம்பியன் இருக்கா, அவ பேரைப் போடாம வேற யார் பேரைப் போடறது" என்று அவரே வந்து கேட்டார். அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. மூன்று விதப் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுங்கள், எறிந்து பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

ஒரே அச்சு, ஒரே எடை. ஆனால் மூன்றும் மூன்று குணம். மலிவு பிளாஸ்டிக்கில் வந்தது கையில் சொரசொரவென்று நல்ல பிடிப்பாக இருந்தது. மரத்தில் நாலு அடி வாங்கியதும் விளிம்பு தேய்ந்து, நேராகப் போக வேண்டியது வலது பக்கம் சாயத் தொடங்கியது. நடுத்தரம் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. மூன்றாவது, ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும் உயர்ந்த சரக்கு. வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும். அது வேகமாகக் கிளம்பி, நேராகப் போய், வேகம் குறையும்போது இடது பக்கம் அடக்கமாகச் சாய்ந்து இறங்கியது. மரம், கல், கம்பம் எதில் மோதினாலும் மேலே ஒரு கீறல், அவ்வளவுதான். பறக்கும் விதம் மாறவில்லை. மழையிலும் வெயிலிலும் காலை ஷிப்டுக்கு முன்னும் மாலை ஷிப்டுக்குப் பின்னும் எறிந்து பார்த்துவிட்டு, "என் பேரு போடணும்னா இதுலதான் போடணும் அத்தான். வேற எதுலயும் கூடாது" என்று சொல்லியிருந்தாள். "நீ சொன்னா சரி" என்று அவரும் சொல்லியிருந்தார். அந்த மூன்றாவது ரக டிஸ்க்குகளைத்தான் இன்றுவரை அவள் பையில் வைத்து ஆடிக்கொண்டிருந்தாள். கடைகளுக்கு விற்பனைக்குப் போவதும் அதே ரகம்தான் என்று நம்பிக்கொண்டும் இருந்தாள்.

அன்று மாலை பூங்காவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எறிந்தாள். அவளுடைய பழைய டிஸ்க், ஒரு வருட அடி வாங்கியது, கோடு போட்டதுபோல் போனது. தையல்கார அம்மாவின் டிஸ்க் பாதி தூரத்திலேயே வலது பக்கம் கவிழ்ந்து, வேலிக்கு அந்தப் பக்கம் போய் உருண்டது. அதே கை, அதே வேகம், அதே காற்று.

வேலி தாண்டி அதைப் பொறுக்கப் போனபோதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. போன மாதம் கிளப்பில் இரண்டு பெண்கள், "அக்கா, என் டிஸ்க் வலது பக்கமே ஓடுது, என்ன தப்பு பண்றேன்" என்று கேட்டார்கள். இவளும் டிஸ்கைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், அவர்கள் மணிக்கட்டைப் பிடித்து இப்படி வை, அப்படித் திருப்பு என்று திருத்தினாள். ஒன்றும் தப்பில்லாத மணிக்கட்டுகள்!

மறுநாள் விடுப்பு. நேரே தொழிற்சாலைக்குப் போனாள். வாசலிலேயே சூடான பிளாஸ்டிக் நெடி தொண்டையைப் பிடித்தது. அச்சு இயந்திரம் மூடித் திறந்து, மூடித் திறந்து, ஒவ்வொரு முறையும் ஓர் ஆரஞ்சு வட்டத்தைத் துப்பிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் வாய்க்கருகே மூட்டைகள். ஒன்று பிரிந்து, தரையெல்லாம் வெள்ளையாகச் சிந்தியிருந்தது.

"இது என்னண்ணே?" என்று இயந்திரத்தில் நின்றவரைக் கேட்டாள்.

"சுண்ணாம்புப் பொடிம்மா. சரக்கு மட்டும் போட்டா எடை நிக்க மாட்டேங்குது. இதைக் கலந்தா நிக்குது." அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டியது என்று அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

அத்தான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தார். எதிர் மேஜையில் அக்கா தொலைபேசியில் கடைக்காரர்களிடம் ஆர்டர் பேசிக்கொண்டிருந்தாள். காத்தாடி டிஸ்கை மேஜைமேல் போட்டாள்.

"அத்தான், இது என்ன?"

"டிஸ்க்" என்றார் அவர்.

"எந்தப் பிளாஸ்டிக்?"

அவர் எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. "உக்காரு காத்தாடி. டீ சொல்றேன்."

"டீ வேணாம். நான் சொன்ன பிளாஸ்டிக் எங்க?"

"அந்தச் சரக்கு கிடைக்கவே மாட்டேங்குதும்மா. கிடைச்சாலும் அச்சுல ஆற ரொம்ப நேரம் எடுக்குது. இது பாரு, டக்குடக்குன்னு விழுது. அச்சு ஒண்ணுதானே? பாக்க ஒண்ணாத்தானே இருக்கு?"

"பாக்கறதுக்கா வாங்கறாங்க? எறியறதுக்கு வாங்கறாங்க."

அத்தான் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. சின்னப் பிள்ளைக்கு விளக்குகிற மாதிரி பொறுமையான சிரிப்பு. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. "யாரு எறியறாங்க? வாங்கறவங்க எல்லாம் உன்ன மாதிரி எறியறாங்களா? ஞாயித்துக்கெழமை ரெண்டு தடவை வீசிட்டு வீட்டுக்குப் போறவங்க. அவங்களுக்கு இது போதும். டிஸ்க் வளைஞ்சு போச்சுன்னா தன் கைதான் சரியில்லைன்னு நெனச்சுக்குவாங்க. யாரும் வந்து கேக்கப்போறதில்ல."

ஆக, தெரிந்தேதான். அறியாமல் நடந்த பிசகாக இருக்கும் என்று ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த நினைப்பும் போயிற்று. ஏமாந்தவன் தன்னையே நொந்துகொள்வான் என்ற தைரியத்தில் நடக்கிற வியாபாரம்.

"ஒருத்தர் வந்து கேட்டாங்க அத்தான். தோள்ல பட்டை கட்டிக்கிட்டு வந்து கேட்டாங்க. தையல்காரம்மா. கடை பூட்டிக் கெடக்கு."

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? வயசான காலத்துல பாத்து எறியணும்."

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "ஏன்டி, வேலை நேரத்துல வந்து இப்படிக் கத்தற? வெளிய கேக்குது."

"அக்கா, உனக்குத் தெரியுமா இது?"

அக்கா கண்ணாடித் தடுப்பைப் பார்த்தாள். "எல்லாத் தொழில்லயும் நெளிவு சுளிவு இருக்கும். ஆர்டர் குவியுது, சரக்கு வரல. என்ன பண்ணச் சொல்ற?"

"மலிவுப் பிளாஸ்டிக்குன்னு அட்டையில போட்டு வில்லு. சுண்ணாம்பு கலக்காம வில்லு. நானே வாங்குவேன். என் பையில நாலு மலிவு டிஸ்க் இருக்கு, கூடைக்குக் கிட்ட எறிய அதுதான் கைக்கு வாகு. மலிவு ஒண்ணும் பாவமில்ல. ஒசந்ததுன்னு எழுதி, அதுக்கு மேல என் பேரை எழுதி வெச்சிருக்கியே, அதுதான் கேக்கறேன்."

"உன் பேரா?" அக்காவின் குரல் கூர்மையாயிற்று. "காத்தாடின்னு உன்னைக் கூப்பிட ஆரம்பிச்சது யாரு? ஒரு எடத்துல நிக்காம சுத்தறேன்னு நான் வெச்ச பேருடி அது."

"சரி, நீ வெச்ச பேரு. அதையாவது நாசம் பண்ணாம இரு."

அத்தான் நடுவில் புகுந்து, கை இரண்டையும் உயர்த்தி, "அடுத்த லாட்டுல மாத்திடலாம், விடுங்க, வீட்டு விஷயம் வீட்டுக்குள்ள இருக்கட்டும்" என்றார். அவள் நம்பித்தான் திரும்பினாள். நம்பாமல் என்ன செய்வது? அக்கா ஆயிற்றே.

ஒன்றும் மாறவில்லை. கடையில் போய்ப் புதிதாக வந்த கட்டைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்தாள். அதே மெழுகு, அதே வெள்ளைத் தூள். அக்காவுக்குப் போன் செய்தாள். "பாத்துக்கிட்டுதான் இருக்கோம்" என்றாள் அக்கா. மறுபடி செய்தாள். எடுக்கவில்லை. அவள் பேருந்து நிற்கும் நிறுத்தத்திலேயே அவள் படத்தைப் பெரிதாகப் போட்டு, 'காத்தாடியின் நம்பிக்கை' என்று விளம்பரத் தட்டி வைத்தார்கள். தினமும் அந்த நிறுத்தத்தில் கதவைத் திறக்கும்போது, தன் முகமே தன்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுவதை அவள் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த வருடத்துப் போட்டிக்கு அத்தானின் கம்பெனிதான் ஆதரவு. பூங்கா முழுக்கக் கொடிகள். முதல் கூடைக்கு எதிரே மேஜை போட்டு டிஸ்க்குகளை அடுக்கியிருந்தார்கள். தொடக்க எறி எறிவதற்குக் காத்தாடியை அழைத்தார்கள். அத்தான் மைக்கைப் பிடித்து, "எங்க வீட்டுப் பொண்ணு, உங்க எல்லாருக்கும் செல்லப் பொண்ணு" என்றெல்லாம் சொல்லி, தங்க நிறத்தில் தனியாக வார்த்த ஒரு டிஸ்கை நீட்டினார். வெளிச்சத்தில் அதற்குள் விரல் நிழல் தெரிந்தது. இவளுக்கு மட்டும் நல்ல சரக்கு!

அவள் அதை வாங்கவில்லை. மேஜைக்குப் போய், அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, உறையைக் கிழித்தாள்.

"எல்லாரும் வாங்கறது இதுதானே? நான் இதையே எறியறேன்."

அத்தானின் முகம் மாறியது. ஆனால் கூட்டம் கைதட்டிவிட்டது. காத்தாடி கூடைப் பக்கம் திரும்பவில்லை. பத்தடி தள்ளி நின்ற மரத்தைப் பார்த்து ஓங்கி எறிந்தாள். பட்டென்று அடித்து விழுந்தது. எடுத்து வந்து மறுபடி எறிந்தாள். மறுபடி. முதலில் சிரித்தார்கள். பிறகு, இவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எடுப்பதும் அறைவதுமாக அவள் நிறுத்தவே இல்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் ஒரு சில்லு பெயர்ந்து புல்லில் விழுந்தது.

அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பிய்ந்த டிஸ்கோடு எறியும் மேடைக்கு வந்தாள். கூடையைப் பார்த்து எறிந்தாள். டிஸ்க் கிளம்பியது, தள்ளாடியது, வலது பக்கம் கவிழ்ந்து கொடிக்கம்பங்களுக்கு நடுவே போய் விழுந்தது.

"காத்து அடிச்சிடுச்சு!" என்றார் அத்தான் மைக்கில். கொடிகள் எல்லாம் துவண்டு தொங்கிக்கொண்டிருந்தன.

காத்தாடி தன் பையிலிருந்து பழைய டிஸ்கை எடுத்தாள். கீறல் விழுந்து, பாதி எழுத்து அழிந்துபோனது. அதையும் அதே மரத்தில் வேண்டிய மட்டும் அடித்தாள். பிறகு எறிந்தாள். நேராகப் போய், இடது பக்கம் சாய்ந்து, சங்கிலியில் பட்டுச் சலசலவென்று கூடைக்குள் இறங்கியது. யாரும் கைதட்டவில்லை.

அத்தானின் கையிலிருந்து அவள் மைக்கைப் பிடுங்கவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. நெரிசலில் கடைசி இருக்கைவரை கேட்கக் கத்திப் பழகிய தொண்டை.

"ரெண்டும் ஒரே அச்சு. ரெண்டுலயும் என் பேரு. நான் பரிசோதிச்சு, சரின்னு சொன்னது கூடையில கெடக்கு. உங்களுக்கு வித்தது அங்க விழுந்து கெடக்கு. அதுல இருக்கறது மட்டமான பிளாஸ்டிக்கும் சுண்ணாம்பும். இதை இவங்ககிட்ட மொதல்ல வீட்டுலயே சொன்னேன். நிறுத்தல. அதனால இங்க சொல்றேன்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "உங்கள்ல யாரெல்லாம், டிஸ்க் வலது பக்கம் போறதுக்கு உங்க கைதான் காரணம்னு நெனச்சீங்க? கையைத் தூக்குங்க."

முதலில் ஓர் இடது கை உயர்ந்தது. தையல்கார அம்மா. பிறகு கிளப்புப் பெண்கள் இருவர். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக. கடைசியில் எண்ணி மாளாத கைகள். ஒரு பெரியவர் கையைத் தூக்கிக்கொண்டே அழுவதுபோல் சிரித்தார். "நான் ஆட்டத்தையே விட்டுட்டேன்மா" என்றார்.

அத்தான் மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, காருக்குப் போய்விட்டார். அக்கா கொஞ்ச நேரம் நின்றாள். தங்கையைப் பார்த்த பார்வையில் கோபமா வெட்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவளும் போனாள்.

நியாயம் கிடைத்ததா என்றால், கிடைத்தது. கிடைத்த விதம்தான் அவளுக்கு ஆறவில்லை. அடுத்த வாரமே, 'வாடிக்கையாளர் நலன் கருதி எல்லா டிஸ்க்குகளையும் மாற்றித் தருகிறோம்' என்று கம்பெனி அறிவித்தது. பத்திரிகையில் அத்தானின் படம் போட்டு, நேர்மையான தொழிலதிபர் என்று எழுதினார்கள். சுண்ணாம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. அச்சிலிருந்து அவள் பேரை அறுத்தெடுத்துவிட்டு, 'பழகுநர் டிஸ்க்' என்று மலிவு ரகத்தை மலிவு ரகமாகவே விற்கத் தொடங்கினார் அத்தான். அது நன்றாகவே போனது. பேருந்து ஓட்டுநர் அறையில் அந்தச் செய்தித்தாளைக் காட்டி யாரோ, "உங்க அத்தான் பெரிய மனுசன்தான்" என்று சொன்னபோது, அவள் கையிலிருந்த தேநீரை அப்படியே கழுவு தொட்டியில் கொட்டிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினாள். தையல்கார அம்மாவின் தோள் பாதிதான் குணமானது. கடையைத் திறந்துவிட்டார், கனமான துணி எடுப்பதில்லை. டிஸ்கை மாற்றித் தந்தவர்கள் தோளை மாற்றித் தரவில்லை.

மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்தாடியின் வீட்டுக்கு அக்கா வந்தாள். கூப்பிடாமல், சொல்லாமல். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். காத்தாடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு பேர் முன்னாடி அவரைத் தலைகுனிய வெச்சுட்ட" என்றாள் அக்கா.

"அவரு குனியலியே. பத்திரிகையில நிமிந்துதான் நிக்கறாரு."

"எனக்குச் சொல்லு. என்னை நெனச்சுப் பாத்தியா? நீ என்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்ல?"

காத்தாடி கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "சொன்னேன்க்கா. உன் மேஜை முன்னாடி நின்னு சொன்னேன். போன் பண்ணிச் சொன்னேன். நீ எடுக்காத போனுக்கும் பண்ணேன்."

அக்கா மேஜைமேல் கிடந்த வெங்காயத் தோலைக் கூட்டிக் குவித்தாள். குவித்ததைக் கலைத்து மறுபடி குவித்தாள்.

"சொன்னே" என்றாள் கடைசியில்.

மன்னிப்பு என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை, காத்தாடியும் கேட்கவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அக்காவுக்கும் சேர்த்து அரிசி களைந்து போட்டாள்.